அக்கா கொண்டுபோய் விடும் பள்ளிக்கூடம்

இணுவில்,
1993 ஆடி 14.

கனடாக் குளிருக்குள் இருந்து உழைக்கும் அருமை மருமகன் சண்முகநாதனுக்கு, கந்தசுவாமியார் துணைநிற்க, மாமா நடராசா எழுதிக்கொள்வது. நானும் மாமி குணலட்சுமியும் உம்முடைய அம்மாவும் சுகம். உம்முடைய சுகத்துக்குத் தனியாக ஒரு அருச்சனை செய்வித்தேன். என்னைக் கண்டதும் ஐயர் மணியை வழக்கத்தைவிட நீளமாக ஆட்டினார்.

அம்மாவுக்கு மறதி கூடிவிட்டது, மாமா தனியாகச் சமாளிக்கமாட்டார், கன்னியாஸ்திரிமார் நடத்தும் வயோதிபர் இல்லத்தில் விடுவோமோ என்று எழுதியிருந்தீர். நல்ல பகிடி. மண்ணெண்ணெய் இல்லாத நாளில் தண்ணீர்ப் பம்பைப் பேச்சாலேயே ஓடவைத்தவன் நான். அக்கா ஒருத்தியைப் பார்ப்பது எனக்குப் பெரிய வேலையா?

விசயம் இதுதான். அக்காவின் கணக்கில் எனக்கு இப்போது எட்டு வயது. விடிந்தால் வந்து பிடிக்கிறா. “தம்பி, மணி அடிக்கப்போகுது, வாடா!” எண்ணெய் வைத்து, மிஞ்சியிருக்கிற பத்து மயிரையும் வகிடெடுத்துச் சீவி, திருநீறு பூசி, ஒழுங்கை வழியே கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் பள்ளிக்கூடப் படலையில் விடுகிறா. நான் முன்படலையால் உள்ளே போய்ப் பின்வேலியால் வெளியே வருவேன். அந்த வழி எனக்குப் புதிதல்ல, மூன்றாம் வகுப்பிலும் அதே வேலியால்தான் வந்தேன். அந்த நாளில் அக்கா ஒரு கையால் பாவாடையைச் சேறு படாமல் தூக்கிப் பிடித்து, மற்றக் கையால் என்னை இழுத்துக்கொண்டு, வழிநெடுக வாய்ப்பாடு சொல்லித் தருவா. அவவுடைய குரலில் ஏழாம் வாய்ப்பாடு தேவாரம் போல இருக்கும். அந்த மூன்றாம் வகுப்போடு நான் படிப்பை நிறுத்தியது, இருக்கிற அறிவு போதும் என்றபடியால்தான். தலைமையாசிரியர் வீட்டுக்கு வந்து அழுதவர்.

ஆனால் தினமும் என்றால், மருமகன், பகலில் மூன்று தரம் மணி அடிக்குது என்பா. வெங்காயம் தண்ணீரில்லாமல் வாடிவிட்டது, மாமிக்குக் குனிந்து நிமிர ஏலாமல் நாரி பிடித்துவிட்டது, ஒருநாள் நடு ஒழுங்கையில் நான் கத்திவிட்டேன்: “எனக்கு அறுபத்திரண்டு வயது, விடு!” அக்கா பயந்துபோய்க் கையை விட்டா. அன்று முழுக்க என் கண்ணில் தூசி. மாமி பார்த்துவிட்டுச் சொன்னா:

“இப்பிடியே போனா உங்களையும் நான்தான் பாக்கவேணும். பட்டணத்திலை ஒரு டொக்டர் அம்மா புதன்கிழமையிலை, இப்பிடி ஆக்களைப் பாக்கிற வீட்டுக்காரரோடை கதைக்கிறாவாம்.”

ஊருக்குத் தெரிந்தால் விசர் என்று பெயர் வைத்துவிடும். ஆகவே பம்புக்கு வோசர் வாங்கப் போகிறேன் என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டுச் சைக்கிளில் போனேன். அங்கே டொக்டர் அறை வாசல் வாங்கில் குந்தியிருக்கிறது யார்? பக்கத்து வளவு நமசிவாயம்!

“என்ன நடராசா அண்ணை, இஞ்சை?”

“வோசர் வாங்க வந்தனான். நீ?”

“பல்லுக்கொதி.”

“பல்லுக்கு இந்த வாங்கிலையோ இருக்கிறது?”

“வோசரை உதுக்குள்ளையோ விக்கினம்?”

வாங்கின் மற்றத் தொங்கலில், கூரைக்குக் கீழே, ஒரு குடை விரிந்தபடி. உள்ளே எங்கள் பின்வளவு பராசக்தி ரீச்சர், இளைப்பாறினவ. “மழைக்கு ஒதுங்கினனான்” என்றா. வைகாசி வெயிலில் மழை! பிறகுதான் கதை வெளியே வந்தது. நமசிவாயத்தின் மகன் ஒரு வருடமாக வாய் திறப்பதில்லை. ரீச்சரின் புருஷன் பாரிசவாதத்தில் படுக்கை. மூன்று வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு கிடுகுவேலி, ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது.

டொக்டர் அம்மா கேட்டா: “அக்கா இருக்கட்டும், நீங்கள் எப்பிடி இருக்கிறியள் ஐயா?” இந்த வயதுவரை அதை ஒருவரும் கேட்டதில்லை. ஒரு மணி நேரம் பதில் சொன்னேன். பேனையை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தா. இவ்வளவு விளக்கமாகச் சொன்னவர் இலங்கையிலேயே இல்லையாம். “தனியச் சுமக்காதையுங்கோ, ஆளை ஆள் மாறிப் பாருங்கோ” என்றா. வெங்காய நடுகைக்கு நாங்கள் செய்வதும் அதுதானே, இன்று உன் தோட்டத்தில் நான், நாளை என் தோட்டத்தில் நீ. டொக்டருக்கு அந்த யோசனையைக் கொடுத்ததே நான்தான் என்று வையும்.

அப்படி மாறிப் பார்க்கத் தொடங்கிய முதல் நாள் நமசிவாயம் அக்காவோடு இருக்க வந்தான். நான் தண்ணீர் இறைத்துவிட்டு வந்தால் ஆளைக் காணவில்லை. அக்கா அவனையும் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டா! ஒழுங்காகப் படித்தவன், பின்வேலி வழி தெரியாமல் முதலாம் வகுப்பில் குந்தியிருந்தான். அதைக் கேட்டு ரீச்சர் தன் விறாந்தையையே பள்ளிக்கூடமாக்கிவிட்டா. இப்போது அக்கா எங்கள் இரண்டு பேரையும் அங்கேதான் விடுகிறா. ரீச்சரின் புருஷன் கட்டிலில் கிடந்தபடி என் எழுத்துப் பிழைகளுக்குச் சிரிக்கிறார். நமசிவாயத்தின் மகனும் சத்தமில்லாமல் வந்து ஒரு மூலையில் இருக்கிறான். மாமி வீட்டில் கால் நீட்டிப் படுக்கிறா. அக்கா மாமரத்தின் கீழ், தம்பி படிக்கிறான் என்ற நிம்மதியோடு இருக்கிறா.

ஆகையால் இல்லம் கில்லம் ஒன்றும் வேண்டாம். பனிக்காலம் வந்தால் சறுக்காமல் நடவும். பிள்ளைகளுக்கு என் முத்தங்களும், உமக்கும் மனைவிக்கும் என் முழு ஆசீர்வாதமும்.

இப்படிக்கு,
மாமா நடராசா

பின்குறிப்பு: இதை எழுதி வைத்து ஐந்து நாள். அக்கா இப்போது என்னைக் கூப்பிடுவதில்லை. நானே போய் முன்னால் நின்றேன். “ஆர் நீங்கள், ஆரைத் தேடுறியள்?” என்றா. மேலே எழுதியதை எல்லாம் வெட்டிவிடும். எனக்கு ஏலாது. இல்லத்தில் இடம் உண்டோ என்று கேட்டு எழுதும்.

இந்த வரியை எழுதும்போது அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து, “வந்தனீங்கள், குடியுங்கோ” என்று வைத்துவிட்டுப் போகிறா. இந்த வீட்டில் தேத்தண்ணியோடு ஆளுக்கு ஒரு துண்டுப் பனங்கட்டிதான். சின்னனில் நான் முதல் துண்டைத் தேத்தண்ணி ஆறமுன்னமே தின்றுவிடுவேன் என்று, எனக்கு மட்டும் களவாக இரண்டு வைப்பா. தட்டில் இரண்டு கிடக்கிறது.

இல்லத்துக்கு இப்போது எழுதாதேயும். பொறும்.