எல்லப்பன் பார்த்த யானை

"உங்க யானை எருமை மாதிரி நடக்குது சார். நாலு மணிக்குள்ள சரிபண்ணி அனுப்புங்க. இல்லைன்னா வேற ஆளைப் பாத்துக்கறோம்" என்று பெங்களூரு கார்ட்டூன் கம்பெனி அருணா போனை வைத்துவிட்டார்.

பூபதி கடிகாரத்தைப் பார்த்தான். ஓசூர் பேக்டரியில் பைக் பாகங்களுக்கு டிராயிங் போடும் வேலையை விட்டுவிட்டு, குழந்தைக் கதைகளுக்கு அனிமேஷன் செய்ய வந்து ஆறு மாதம் ஆகிறது. இந்த ஒரு நிமிடப் படம் தேறினால்தான் முப்பது கதைகள் கைக்கு வரும். பைக் செயின் எப்படி ஓடும் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வான். யானை எப்படி நடக்கும் என்று யாரைக் கேட்பது?

கீழ்வீட்டு ஓனர் எல்லப்பன் ஞாபகத்துக்கு வந்தார். தேன்கனிக்கோட்டைப் பக்கம் அவருடைய ராகிக் கொல்லையில் யானை இரண்டு தடவை இறங்கியிருக்கிறது. வீடு பார்க்க வந்த அன்றே அந்தக் கதையை ஒரு மணி நேரம் சொன்ன மனிதர்.

மாடியேறி வந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்துச் சிரித்தார்.

"இது யானையா தம்பி? யானை நடந்தா சத்தமே வராது. முன்கால் வெச்ச எடத்துலயே பின்காலு வந்து உக்காரும். பாதம் தரையில பட்டா அகலும், தூக்குனா சுருங்கும்."

பூபதி அப்படியே மாற்றினான். பாதம் பிரமாதமாக வந்தது. மற்றதெல்லாம் அதோடு ஒட்டவேயில்லை.

"காது எப்படிண்ணா ஆடும்?"

"காதா? காத வுடு. பாதத்தப் பெருசாக்கு."

பெரிதாக்கினான். தும்பிக்கை திரைக்கு வெளியே போய்விட்டது.

"அண்ணா, தும்பிக்கை?"

"அது அதும்பாட்டுக்கு மேல எங்கியாவது இருக்கும். நகத்தக் கிட்டக்கக் காட்டு."

"தலை போயிடுமேண்ணா!"

"ரெண்டு ஏக்கர் ராகியப் பறிகுடுத்தவன் சொல்றேன். கேக்க மாட்டியா?"

கேட்டான். மூன்று ஐம்பதுக்குத் தலை, வயிறு, வால் எல்லாம் போய், திரையில் நாலு கால் மட்டும் மிஞ்சியது. பிள்ளையார் பிடிக்கப் போனவனுக்குக் குரங்காவது முழுசாகக் கிடைத்தது. இவனுக்கு அதுவும் இல்லை. திருத்த நேரமில்லாமல் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினான். பழைய சூப்பர்வைசர் காலில் விழுந்து வேலை கேட்பதா, ஊருக்கே போய்விடுவதா என்று யோசித்தபோது அழுகையே வந்துவிட்டது.

போன் அடித்தது. அவசரமாக எடுத்ததில் விரல் ஸ்பீக்கரில் பட்டது.

"சார், சூப்பர்!" என்றார் அருணா. "சின்னப் புள்ள தரையில உக்காந்து யானையப் பாக்கற மாதிரியே இருக்கு. முப்பது கதையும் உங்களுக்குத்தான். யார் சார் இந்த ஐடியா குடுத்தது?"

"எங்க ஓனர் அண்ணன் மேடம். யானைய நேருக்கு நேரா பாத்தவரு."

எல்லப்பன் மீசையைத் தடவிக்கொண்டார்.

காபியோடு மாடியேறி வந்த அவர் மனைவி வெங்கடம்மாள், திரையைப் பார்த்ததும் டம்ளரோடு அப்படியே நின்றுவிட்டார்.

"அய்யோ, அதே காலு! ரெண்டு தடவையும் கொல்லைக் கொட்டாய்ல கட்டிலுக்கு அடியில படுத்துக்கிட்டு நானும் இவரும் பாத்தது இவ்ளோதான் தம்பி!"