நான் ஓம், அவள் இல்லை

அமெரிக்க உதைபந்தாட்டத்தில் பந்தை உதைப்பார்கள் என்பது உலகத் தமிழரிடையே பரவியிருக்கும் பாரதூரமான பிழை. அதைத் திருத்தாமல் மேலே செல்ல என் மனச்சாட்சி இடம் தராது. அங்கே பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்கள். எதிரணி முழுவதும் விழுத்தத் துரத்தும். உதைப்பது எப்போதாவதுதான். பருவம் முடியும்போது, அப்படி அதிக தூரம் ஓடியவர் யார் என்று அறிவிப்பார்கள். அது யாராக இருக்கும் என்று முன்கூட்டியே பந்தயம் கட்ட இணையத்தில் ஒரு சந்தையும் உண்டு.

இதெல்லாம் எனக்கு எதற்கு? ரதிதேவிக்காக.

என் மனைவி ரதிதேவி, மகள் நிருபாவின் பிரசவத்துக்கென்று ஆனியில் ரொறன்ரோவுக்குப் போனவள். கார்த்திகையாகியும் வரவில்லை. குழந்தைக்குக் கழுத்து நிற்கட்டும் என்றாள். நின்றது. பிரளட்டும் என்றாள். பிரண்டது.

"இப்ப என்ன?" என்று தொலைபேசியில் கேட்டேன்.

"பல்லு முளைக்கட்டும்."

"இப்பிடியே போனால் பேத்தியைக் கலியாணம் கட்டிக் குடுத்திட்டுத்தான் வருவாய்."

"நல்ல சம்பந்தமெண்டால் பாப்பம்."

நானாகப் போகலாம்தான். ஆனால் மருமகன் வீட்டார் என்னை முறைப்படி அழைக்கவில்லை. வாட்ஸ்அப்பில் கைகூப்பும் படம் ஒன்று அனுப்பினார்கள். அதை அழைப்பு என்று எந்தச் சபையிலும் நிறுவ முடியாது.

ஆகவே பிரெஞ்சுப் புறநகரான பொபினியில் தனியே இருந்தேன். பிரிஜ் உறுமுவது கேட்டது. அவள் பேசிக்கொண்டிருந்த இருபத்தெட்டு வருடமும் அது உறுமியதே எனக்குத் தெரியாது. சனிக்கிழமைகளில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலுக்குப் போவேன். முருங்கைக்காயை அவள் முறுக்கிப் பார்த்து வாங்குவாள். நான் முறுக்கினால் கடைக்காரர் முறைத்தார். "அக்கா எங்கை?" என்று கேட்டுவிட்டு முற்றலைத் தந்தார். இரண்டு பேருக்கு அளந்துதான் எனக்குப் புட்டு அவிக்கத் தெரியும். மிச்சம் மறுநாளும் என்னைப் பார்த்தது.

அப்போதுதான் அங்கே ரூ பெர்தொனே என்ற தெருவில் தொலைபேசிக் கடை வைத்திருக்கும் சுரேன் அந்தச் சந்தையைக் காட்டினான். ஹார்லன் என்ற ஓட்டக்காரனுக்கு நூற்றுக்கு முப்பத்தெட்டு வாய்ப்பு. அடுத்தவனுக்குப் பதினேழுதான். நான் ஒரு சதமும் போடவில்லை. ஒரு திட்டம் போட்டேன். தொலைபேசியில் அவளுக்குச் சந்தையை விளக்கினேன்.

"ரதி, ஒரு பந்தயம். ஹார்லன் முதலாவதாய் வந்தால் தைப்பொங்கலுக்கு நீ இஞ்சை நிக்கவேணும்."

"வராட்டில்?"

"நான் அங்கை வாறன். அழைப்பில்லாமல்."

மறுமுனையில் அவள் மருமகனிடம் ஏதோ விசாரிப்பது கேட்டது.

"நீயும் ஒராளைச் சொல்லு," என்றேன், பெருந்தன்மையாக.

"எனக்கு ஆள் வேண்டாம். ஹார்லன் வரமாட்டான், அவ்வளவுதான். அந்தச் சந்தையிலை ஓமும் வாங்கலாம், இல்லையும் வாங்கலாமாம். மருமகன் சொன்னவர். நீங்கள் ஓம். நான் இல்லை. வீட்டிலையும் அப்பிடித்தானே."

பாவம், ஓர் ஓட்டக்காரனின் பெயர்கூடத் தெரியாதவள் என்று இரங்கி ஒப்புக்கொண்டேன்.

ஹார்லன் ஓடினான். மார்கழி முழுவதும் அவனே முன்னால். நான் திரைச்சீலைகளைத் தோய்த்தேன். பொங்கல் பானை வாங்கினேன். அவள் படுக்கும் பக்கத்துத் தலையணைக்குப் புது உறை போட்டேன். கடைசி ஆட்டம் வந்தது. அவனுடைய அணி ஏற்கெனவே அடுத்த சுற்றுக்குத் தெரிவாகியிருந்ததால், முழங்காலுக்கு ஏதும் வந்துவிடக்கூடாதென்று பயிற்றுநர் ஹார்லனை ஆடவிடாமல் வாங்கிலில் இருத்திவிட்டார். நாலாவதாக நின்ற ஒருவன் அன்றைக்கு ஓடோ ஓடென்று ஓடி முதலாவதாக வந்துவிட்டான்.

"அநியாயம்! என்ரை ஆள்தானே சந்தையிலை முதல்?" என்று சுரேனிடம் முறையிட்டேன்.

"அண்ணை, முப்பத்தெட்டு உங்கடை. மிச்சம் அறுபத்திரண்டும் ஆற்றை?"

"மற்ற ஓட்டக்காரற்றை."

"அவங்கள் எல்லாரும் அக்கான்ரை பக்கம்."

இந்தக் கழித்தலை நான் கார்த்திகையிலேயே செய்திருக்கலாம். அவளுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"தோத்திட்டன்."

"தெரியும். தடிச்ச கோட்டை எடுத்து வையுங்கோ. இஞ்சை சரியான குளிர்."

"நீ வந்திருக்கலாமே, ரதி."

"நான் வந்திருந்தால் நீங்கள் ஒருநாளும் இஞ்சை வரமாட்டியள். பேத்தியைப் படத்திலைதான் பாப்பியள். நாலு மாசமாய் உங்களைக் கூப்பிட வழி தேடினனான். நீங்களே ஒண்டைக் கொண்டுவந்து தந்தியள்."

"அப்ப உனக்கும் நான் இல்லாமல்…"

"எனக்கும்தான். வையுங்கோ, பிள்ளை அழுறாள்."

பொங்கலன்று ரொறன்ரோவில் இருந்தேன். பேத்திக்குப் பம்பஸ் மாற்றுவது அன்றிலிருந்து என் வேலை.