நண்டுக்கு அடையாள அட்டை அடித்த சேர்

உலகத்திலேயே நண்டுக்கு அடையாள அட்டை அடித்துக் கொடுத்த ஒரே மனிதர் எங்கள் நண்டுச் சேர்தான். மறுக்கிறவர்கள் தங்கள் ஊர் நண்டின் அட்டையைக் கொண்டுவந்து காட்டட்டும், பிறகு கதைப்போம்.

மட்டக்களப்பு வாவிக்கரையில், கல்முனை வீதியிலிருந்து உள்ளே இறங்கினால் வரும் ஒரு சின்னப் பாடசாலையில் நாங்கள் இரண்டு பேரும் படிப்பித்தோம். நான் இரண்டாம் வகுப்பு, அவர் நாலாம் வகுப்பு. களிசானை முழங்கால்வரை சுருட்டிவிட்டு, பிள்ளைகளையும் சேற்றுக்குள் இறக்கி, ஒரு நண்டைப் பிடித்துப் புரட்டிக் காட்டிவிட்டு, "போயிற்று வா மனே" என்று மரியாதையாக விட்டுவிடுவார். அதுதான் அவருடைய சுற்றாடல் பாடம். அவருடைய சொந்தப் பெயரைப் பாடசாலை அதிபரே யோசித்துத்தான் சொல்வார்.

கடல் ஒருமுறைதான் வந்தது. அதற்குப் பிறகு தொண்டு நிறுவனங்கள் கிழமைக்கு ஒருமுறை வந்தன. சுனாமி நண்டுச் சேரின் வீட்டையும் அலுமாரியையும் கொண்டுபோனபோது அவருடைய அடையாள அட்டையையும் கொண்டுபோயிருந்தது. புதிதுக்கு எழுதிப் போட்டார், வரவில்லை. திரும்பவும் போட்டார், அதுவும் வரவில்லை. அட்டைக்குப் பதிலாகக் கிராம சேவகர் கொடுத்த ஒரு கடுதாசியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். அந்த நாளில் அட்டை இல்லாமல் கல்முனை வீதியில் பஸ் ஏறுவது விளையாட்டில்லை. ஆமிக்காரர் சென்றிக்குச் சென்றி மறித்து இறக்குவார்கள். அட்டை இல்லாதவன் திரும்ப பஸ்ஸில் ஏறுவான் என்பதற்கு ஒரு உத்தரவாதமும் கிடையாது.

"சேர், கச்சேரி ஒபிஸ் பக்கம் போய் ஒருக்கா சத்தம் போடுங்களன்" என்று நான் ஏசுவேன்.

"போறன் டீச்சர், போறன். நண்டு தோல் கழட்டுற நேரமாக் கிடக்கு, அது முடியட்டும்."

இந்த நேரத்தில்தான் ஒரு நிறுவனம் மூன்று கொம்பியூட்டர், ஒரு பிறின்டர், ஒரு டிஜிட்டல் கமரா எல்லாம் கொண்டுவந்து இறக்கியது. நாடா வெட்டினார்கள், விளக்கேற்றினார்கள், படம் எடுத்தார்கள், போனார்கள். அதிபர் மூன்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்துப் பொலித்தீனால் மூடிப் பூட்டிவிட்டார். பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு யன்னலால் கும்பிட்டுவிட்டு வரலாம்.

அப்படியே இருந்திருக்கும். ஆனால் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது: ஆரம்ப வகுப்புகளில் சுற்றாடலையும் கணினியையும் இணைத்துக் கற்பிக்க வேண்டும். இதை விளங்கப்படுத்த வந்த அதிகாரி அரைநாள் பேசினார். பேசி முடித்துவிட்டு, "இத எங்கால போடுற?" என்று கொம்பியூட்டரின் சுவிட்சைத் தேடினார்.

"இந்தப் பாடத்த ஆரு பாரம் எடுக்கிற?" என்று அதிபர் கேட்டதும் ஆசிரியர்கள் எல்லாரும் தரையைப் பார்த்தோம். நண்டுச் சேரும் தரையைத்தான் பார்த்தார், ஆனால் அங்கே போன எறும்பைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினார். அதிபர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

அடுத்த நாளே ஒரு வாளி நண்டோடு கணினி அறைக்குள் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் அதிபர் கதிரைமேல் நின்றார்.

"சேர், இது கொம்பியூட்டர் றூம். மீன் சந்தை இல்ல."

"அவன் படம் எடுக்க வந்தவன் சேர். எடுத்தா மறுகா போயிருவான்."

படம் எடுத்தாயிற்று. அதை வைத்து என்ன செய்வது? நண்டுச் சேர் பிள்ளைகளிடமே கேட்டார். "ஒரு ஆள் ஆரெண்டு தெரியிறதுக்கு என்ன வேணும்?" நாலாம் வகுப்பு முழுக்க ஒரே குரலில் சொன்னது: "ஐசி." தாய் தகப்பன் பஸ்ஸால் இறங்கி அடையாள அட்டையை நீட்டி நிற்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், வேறென்ன சொல்லும்?

அப்படித்தான் வாவியில் இருக்கிறவர்களுக்கெல்லாம் அட்டை அடிக்கத் தொடங்கினார்கள். பிள்ளைகள் படம் எடுத்தார்கள், ஒரு விரலால் தட்டித் தட்டித் தமிழில் எழுதினார்கள். நண்டு, தொழில்: குழி தோண்டுறது. கொக்கு, தொழில்: காத்துக்கொண்டு நிக்கிறது. கண்டல் மரம், தொழில்: கரையப் பிடிச்சு வச்சிரிக்கிறது. எல்லா அட்டையிலும் கடைசியாக ஒரு கேள்வி இருக்கும்: கடிக்குமா? அது பிள்ளைகளே சேர்த்தது. அவர்களுக்கு அதுதான் முக்கியம்.

நிறுவனக்காரர் பார்க்க வருகிறார்கள் என்றதும், நானும் சேருமாக எல்லாவற்றையும் புளியந்தீவு டவுனுக்குக் கொண்டுபோய் லெமினேற் செய்வித்தோம். சண்டை திரும்பத் தொடங்கியிருந்த காலம். வரும் வழியில் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். பெண்கள் வரிசையில் நின்று நான் பார்த்துக்கொண்டிருக்க, நண்டுச் சேரின் பையிலிருந்து ஒரு கட்டு அட்டை வெளியே வந்தது. அரசாங்க அட்டையின் அதே அளவு, அதே நிறம். அப்படித்தான் இருக்கவேண்டும் என்று அளவெடுத்து வெட்டுவித்தவர் அவர்தான். பாவி மனுஷன்.

"உன்ட ஐசி எங்க?" என்றான் சிப்பாய்.

சேர் கடுதாசியை எடுத்தார். மடிப்பில் கிழிந்து, வியர்வையில் எழுத்தெல்லாம் ஊறி, வெறும் நீலமாக இருந்தது. ஒரு கட்டு அடையாள அட்டை வைத்திருக்கிறார், தன்னுடையது மட்டும் இல்லை.

அவர்களுடைய அதிகாரி வந்தார். தமிழ் கொஞ்சம் பேசுவார், வாசிக்கத் தெரியாது. "யார் இதெல்லாம்?" என்றார். நான் வரிசையை விட்டு முன்னால் போனேன். எனக்குத் தெரிந்த சந்தைச் சிங்களத்தில் ஒவ்வொன்றாகச் சொன்னேன். கடிக்குமா என்பதற்குச் சிங்களம் வரவில்லை. வேறு வழியில்லாமல் அந்த இராணுவ அதிகாரிக்கு முன்னால் பல்லைக் கடித்துக் காட்டினேன்.

அவர் சிரிக்கவில்லை. அட்டைகளைப் புரட்டிக்கொண்டே போனவர் ஒன்றில் நின்றார். அதை நானும் அப்போதுதான் பார்த்தேன். பிள்ளைகள் களவாகச் சேர்த்திருக்கிறார்கள். சேற்றுக்குள் குனிந்து நிற்கும் ஒரு மனிதரின் முதுகு. முகமே இல்லை. பெயர்: நண்டுச் சேர். விலாசம்: வாவிக்கரை. தொழில்: பிடிச்சுப் பாத்துப்போட்டு விடுறது. கடிக்குமா: கடிக்கமாட்டாரு, கத்துவாரு.

வாசித்தேன். சிங்களத்திலும் சொன்னேன்.

"திரும்பு" என்றார் அதிகாரி.

அந்தக் காலத்தில் அந்தச் சொல்லைக் கேட்டுத் திரும்பிய எத்தனையோ பேர் வீடு வந்து சேரவில்லை. சேர் திரும்பினார்.

"குனி."

குனிந்தார். அதிகாரி அட்டையை அவருடைய முதுகுக்குப் பக்கத்தில் பிடித்து, இதையும் பார்த்தார், அதையும் பார்த்தார்.

"ஹரி, சரி. ஆள் இவர்தான்" என்றார். அப்போதுதான் சிரித்தார். அட்டைக் கட்டை என் கையில் தந்து, பஸ்ஸைக் காட்டினார்.

பஸ்ஸில் ஏறியதும் நான் அழுதுவிட்டேன். சேர் என்னைப் பார்க்காமல் யன்னலால் பார்த்துக்கொண்டு, "கத்துவாரெண்டு எழுதியிருக்கானுகள் டீச்சர். நான் எப்ப கத்தின?" என்று கத்தினார்.

சண்டை முடிந்து கொஞ்சக் காலத்தில் அரசாங்கத்தின் அட்டை ஒருவழியாக வந்து சேர்ந்தது. நீட்டிப் பிடித்துப் பார்த்தவர் முகம் சுளித்தார். "முகத்தப் போட்டிரிக்கானுகள். இதப் பாத்து என்னய ஆரு அறியிற? கடிக்குமாண்டும் கேக்கல்ல." சட்டைப் பைக்குள் அதைப் பின்னால் வைத்து, பிள்ளைகளின் அட்டையை முன்னால் வைத்துக்கொண்டார்.

போன வருசம் அவருடைய கண்ணீர் அஞ்சலிப் பதாகையில் அந்த அரசாங்கப் படத்தைத்தான் பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள். கீழே பெயரைப் பார்த்திராவிட்டால் ஆரோ என்று போயிருப்பேன். அந்த மனிதரில் எனக்கு எவ்வளவு பட்சம் என்பது அந்தப் பதாகைக்கு முன்னால் நின்றபோதுதான் தெரிந்தது.

இப்போதும் வாவிக்கரையால் வரும்போது யாராவது முதுகைக் காட்டிக் குனிந்து நின்றால் சைக்கிளை நிறுத்திவிடுகிறேன். நிமிர்ந்து திரும்பினால் வேறு ஆள். "என்ன டீச்சர்?" என்று கேட்பார்கள்.

"ஒண்டுமில்ல மனே, நீ குனி" என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்ச நேரம் நிற்பேன்.