பிடிக்காத முகத்தோடு துணி எடுப்பவர்

ஜவுளிக்கடைக்குள் நுழையும்போதே துக்கம் விசாரிக்க வந்தவர்போல முகத்தை வைத்துக்கொள்கிற ஒருவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பரிதாபப்பட்டுவிடாதீர்கள். அவர் வீட்டில் எல்லோரும் சுகம். துணி எடுக்க வந்திருக்கிறார், அவ்வளவுதான். பிடித்த சரக்கைப் பிடித்திருக்கிறது என்று முகத்தில் காட்டினால் கடைக்காரர் விலையை ஏற்றிவிடுவார் என்பது இந்த இனத்தாரின் முதல் நம்பிக்கை. இரண்டாவது நம்பிக்கை என்று ஒன்று அவர்களுக்குக் கிடையாது.

எல்லா ஊரிலும் உண்டென்றாலும், இவர்கள் செழிப்பாக வளர்வது தென்காசியில், அதுவும் ஆனி ஆடியில். குற்றாலத்தில் சீசன் தொடங்கி, வெளியூர்க்காரர்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கி, துண்டை மறந்தவர் துண்டும், குளிர் தாங்காதவர் கம்பளியும், ஐந்தருவியில் வேட்டியைப் பறிகொடுத்தவர் வேட்டியும் சொன்ன விலைக்கு வாங்கிக்கொண்டு போவதால், தென்காசி பஜாரிலும் விலை கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்துவிடும். ஆனால் சீசனுக்குத் துணி உண்மையில் யாருக்குத் தேவை? குளிக்க வந்தவன் ஈரத்தை ஊருக்குக் கொண்டுபோய்க் காயப்போட்டுக்கொள்வான். நாள் முழுக்கச் சாரல் விழுகிற ஊரில், இன்று துவைத்த நூல் சேலை நாளை சாயங்காலமும் கொடியில் சொதசொதவென்று தொங்குகிற கஷ்டம் குடியிருப்பவர்களுக்கல்லவா தெரியும்?

நாறும்பூநாதனைப் பாருங்கள். ஆரம்பப்பள்ளி வாத்தியார். சம்பளத்தைக் கேட்காதீர்கள், சொல்லும்போது அவருக்குக் குரல் இறங்கிவிடும். அவருடைய மனைவி வடிவம்மாளிடம் வெளியே கட்டிப் போகிற மாதிரி இருந்தவை இரண்டே சேலைகள். இரண்டும் சீசன் முழுக்க அடுப்புக்கு மேலே காய்ந்து, புகைவாடை ஏறிப்போனவை. கீழப்பாவூரில் அவள் அக்காள் மகளுக்கு ஆனிக் கடைசியில் கல்யாணம். போன வருஷம் ஒரு வீட்டு விசேஷத்தில், பக்கத்தில் உட்கார்ந்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளிப் போனதை வடிவம்மாள் இன்னும் மறக்கவில்லை. இந்தத் தடவை நைலான் சேலைதான் வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றாள். கட்டிக்கொண்டு நிற்கும்போதே காய்ந்துவிடுமாமே! நாறும்பூநாதனும் சீட்டுக் கட்டி, காப்பியைக் குறைத்து, ஒரு சேலைக்குக் காணும்படி பணம் சேர்த்துவிட்டார்.

கடைக்குப் போகிற வழியில் பாடம் நடந்தது.

"பிடிச்சிருந்தா மூஞ்சியச் சுளி. நல்லாச் சுளி. நான் புரிஞ்சுக்கிடுதேன்."

"பிடிக்கலன்னா?"

வாத்தியாருக்கு அந்த நேரம் பார்த்துக் குடை விரியாமல் மக்கர் செய்தது.

முகம்மது மீரானின் கடையில் சேலைகள் இறங்கின. இளநீலத்தில் பொடிப்பொடியாக வெள்ளைப் பூப் போட்ட ஒன்று வந்தது. வடிவம்மாளுக்கு மனசு அதிலேயே ஒட்டிக்கொண்டது. சொன்னபடி லேசாகச் சுளித்தாள். ஆசைப்பட்டதைப் பார்த்துச் சுளிக்க யாருக்குத்தான் முழுசாக வரும்? அடுத்து வந்தது கத்தரிப்பூ நிறம்; அதில் தோசை தோசையாக ஆரஞ்சு வட்டங்கள். வடிவம்மாளின் முகம் கோணியது, உதடு பிதுங்கியது, கண் தானாக மூடிக்கொண்டது. நாறும்பூநாதனுக்கு உடம்பு சிலிர்த்தது. அடேயப்பா, இவளுக்கு இது எவ்வளவு பிடித்துவிட்டது!

"இதெல்லாம் ஒரு சேலையா பாய்? சாக்குக்கு ஆகுமான்னு பாக்குதேன்."

"சாக்குன்னே வச்சுக்கிடுங்க சார்வாள். வெல அதுதான்."

பேரம் வெகுநேரம் நடந்தது. வாத்தியார் எழுந்தார், உட்கார்ந்தார், வாசல்வரை போய்த் திரும்பினார். மீரான் அசையவில்லை. கடைசியில் சொன்ன விலைக்கே கத்தரிப்பூ பொட்டலமானது. வடிவம்மாள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்கிறீர்களா? வீட்டில் பொட்டலத்தைப் பிரித்த பிறகு அவளே சொன்னாள்.

"இதக் காட்டி நீலத்துக்கு வெல பேசுதியன்னுல்லா நெனச்சேன்!"

"நீதான அப்படிச் சுளிச்ச?"

"பிடிக்காமச் சுளிச்சேன்!"

"பிடிக்காததுக்கு எதுக்குட்டி சுளிக்க?" என்றார் வாத்தியார். நியாயமான கேள்வி என்றே அவர் நினைத்தார்.

மறுநாள் மாற்றப் போனார்கள். மீரான் நல்ல மனுஷர். "ரெண்டும் ஒரே வெலதான், மாத்திக்கிடுங்க. ஆனா அக்கா சுளிச்ச சுளிப்பப் பாத்துத்தான் நானும் வெலயக் கொறைக்கல. இவ்வளவு பிடிச்ச சேலய விட்டுட்டு எங்கன போயிருவாகன்னு இருந்துட்டேன்." பாதித் தென்காசி அவர் கடையில் வந்து முகம் சுளிக்கிறது. மனுஷருக்கு அது புரியாமலா இருக்கும்?

நீலச் சேலை மறுபடி இறங்கியது. பட்டது போதும் என்று வடிவம்மாள் இந்தத் தடவை சுளிக்கவில்லை. அதைப் பார்த்து வாய்கொள்ளாமல் சிரித்தாள். நாறும்பூநாதன் சட்டென்று குடையை எடுத்தார்.

"வேண்டாம் பாய். அவளுக்குப் பிடிக்கல."

"அதான் தெரியுதே," என்று மீரான் சேலையை மடிக்கத் தொடங்கினார்.

"எனக்கு இது பிடிச்சிருக்கு," என்றாள் வடிவம்மாள்.

அந்தச் சொல்லை அந்தக் கடையில் அதற்கு முன் யாரும் சொன்னதில்லை. இரண்டு ஆண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஏட்டி, இது என்ன புதுத் தந்திரம்? எங்கிட்டச் சொல்லவேயில்லையே?" என்று வாத்தியார் அவள் காதில் கேட்டார். "அக்கா கெட்டிக்காரிதான்," என்று மீரான் பாராட்டினார். அவள் மறுபடி சொன்னாள். இன்னும் உரக்கச் சொன்னாள். சொல்லச் சொல்ல இருவருக்கும் அவள் நடிப்பின்மேல் மரியாதை கூடியதே தவிர, நம்பிக்கை வரவில்லை.

வடிவம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. மீரான் கையிலிருந்த சேலையை உருவினாள். விறுவிறுவென்று வாசல்படியில் இறங்கி, தெருவில் விழுந்துகொண்டிருந்த சாரலில் அதை விரித்துப் பிடித்தாள். இந்த முனை முதல் அந்த முனை வரை நன்றாக நனைகிறவரை நின்றாள்.

"நனைஞ்சிட்டு. இனி ஒங்களால திரும்ப அடுக்க முடியாதுல்லா?" என்றாள்.

மீரான் தலையில் கைவைத்துக்கொண்டார். நாறும்பூநாதன் மட்டும் சட்டென்று சுதாரித்துக்கொண்டார். "ஏன் பாய், நனைஞ்ச சரக்காச்சே, வெலயில ஏதாவது தள்ளக் கூடாதா?"

வீடு போய்ச் சேருமுன் சேலை காய்ந்துவிட்டது. கீழப்பாவூர்க் கல்யாணத்தில் வடிவம்மாள் அதைக் கட்டிக்கொண்டு முதல் பந்தியில் நடுவில் உட்கார்ந்தாள். யாரும் தள்ளிப் போகவில்லை. கேட்ட எனக்கே சந்தோஷமாக இருந்தது. கணவர்தான் இன்றுவரை, அவளுக்குக் கத்தரிப்பூச் சேலைமேல்தான் உள்ளூர ஆசை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நமக்கு இந்த வியாதி இல்லை என்று நீங்கள் நிம்மதியாக இருக்கலாம். ஆனால் புத்தகக் கடையில் நின்றபடியே இதை ஓசியில் இதுவரை படித்துவிட்டு, கடைக்காரர் பார்க்கிறார் என்றதும் முகத்தைச் சுளிக்கிறீர்களே, அது எதற்காம்? இருக்கட்டும். உங்களுக்கு மிகவும் பிடித்துவிட்டது என்றே எடுத்துக்கொள்கிறேன்.