மருந்து போடாத துவக்கு

பொய் சொல்ல வாய் வேண்டுமென்றில்லை. தலையை ஆட்டினாலே போதும். நான் அப்படித்தான் சொன்னேன்.

எங்கள் லண்டன் அலுவலக மேலாளர் மார்ட்டின் வார இறுதிகளில் துவக்கோடு திரிகிறவர். அதுவும் குழல்வாயால் வெடிமருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கோலால் இடித்துச் சுடுகிற பழைய வகை. அமெரிக்காவுக்கு மான் வேட்டைக்குப் போக இருந்தார்.

"யாழ்ப்பாணத்துச் சண்டைக்குள்ளே வளர்ந்தவன் நீ. துவக்கெல்லாம் உனக்குத் தண்ணிபட்ட பாடாக இருக்குமே?" என்றார் ஒருநாள். துணை மேலாளர் பதவி காலியாக இருந்த நேரம். தலையை ஆட்டினேன். (சண்டைக்காலம் முழுக்கப் பங்கர்க் குழிக்குள் குந்தியிருந்து கணக்குச் செய்தவன் நான். துவக்கைத் தொட்டதே இல்லை.) மானுக்கு எந்த மருந்து, எந்தக் குண்டு சரிவரும் என்று சுட்டுப் பார்க்க, கென்ட்டில் இருந்த தன் கிளப்புக்கு என்னையும் கூப்பிட்டார்.

"கரப்பானைக் கண்டாலே கதிரையிலை ஏறுற ஆள் நீங்கள். உண்மையைச் சொல்லிப்போட்டு வீட்டிலை இருங்கோ" என்றாள் என் மனைவி சுகந்தி.

"எல்லாம் எனக்குத் தெரியும். நீர் சும்மா இரும்."

ஒரு கிழமை முழுக்க, செவன் கிங்ஸிலிருந்து ரயிலில் வேலைக்குப் போகும்போதெல்லாம் வீடியோ பார்த்தேன். சனிக்கிழமை கிளப்பில் பிரசங்கமே வைத்தேன். உருண்டைக் குண்டு கிட்டத்து மானுக்குத்தான். பெரிய மானுக்கு நீளக் குண்டு, ஆழமாய் இறங்கும். மருந்தைக் கூட்டினால் வேகம் வரும், ஆனால் குறி சிதறும். மார்ட்டின் கொப்பியில் குறித்துக்கொண்டார்.

அன்றைய முதல் வெடியை எனக்கே தந்தார். பேசிக்கொண்டே குண்டைப் போட்டேன், இடித்தேன், குறிபார்த்து விசையை இழுத்தேன். மருந்தைப் பற்றவைக்கிற கேப்பு மட்டும் 'டப்' என்றது. அவ்வளவுதான்.

மார்ட்டின் துவக்கைப் பக்குவமாக வாங்கிக் கோலை உள்ளே விட்டுப் பார்த்தார்.

"மருந்து எண்பது கிரெயினா, தொண்ணூறா என்று அரைமணி நேரம் பேசினாயே. எத்தனை போட்டாய்?"

ஒன்றுமே போடவில்லை. வெறும் குண்டை இடித்திருக்கிறேன். நின்றவர்களெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் ஒருவர் சுட்டார். மருந்து போட்டுத்தான்.

நான் சேற்றில் குப்புறக் கிடந்தேன். காதைப் பொத்தி, வாயைத் திறந்து, குண்டுவீச்சுக்கென்று பள்ளிக்கூடத்தில் பழக்கியபடியே. துவக்கு விஷயத்தில் எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதான். அதைப் பிழையில்லாமல் செய்தேன். சிரிப்பு நின்றுவிட்டது. அது சிரித்ததை விட மோசம். மார்ட்டின் என்னைத் தூக்கிவிட்டு, தேத்தண்ணி வாங்கித் தந்தார், நோயாளிக்குக் கொடுப்பதுபோல.

திங்கட்கிழமை பதவி வேறொருவருக்குப் போனது. "அழுத்தம் கூடிய வேலை. உன்னுடைய நன்மைக்காகத்தான்" என்றார் மார்ட்டின். பொய்க்காகத் தண்டித்திருந்தால் வாயை மூடிக்கொண்டு ஏற்றிருப்பேன். நான் அங்கே செய்த ஒரே உண்மைக்காகத் தண்டித்தார்கள். அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

இப்போதும் நவம்பரில் தெருவில் வாணவேடிக்கை தொடங்கினால் மகள் மாடியிலிருந்து கத்துவாள்: "அப்பா, படுங்கோ!"

"மருந்து போட்டவையோ எண்டு முதல்லை கேளுங்கோ" என்பாள் சுகந்தி குசினிக்குள்ளிருந்து.

வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன். மகள் கத்துவதற்கு முன்பே நான் சோபாவுக்குப் பின்னால் படுத்திருப்பது அவர்களுக்குத் தெரியாது.