கிட்டுயியில் இருந்துகொண்டு நைரோபிச் சம்பளம்

சம்பளம் என்னவோ முசெம்பியுடையதுதான். கென்யாவின் கிட்டுயி ஊரில் வீட்டு மூலையில் கணினி முன் குந்திக்கொண்டு, கடல் தாண்டிய கம்பெனியின் வாடிக்கையாளர் புகார்களுக்குப் பதில் எழுதுகிறான். ஆனால் பணம் வந்த அன்றே மனைவி கவாத்தா வாங்கிவிடுவாள். அவளும் என்ன செய்வாள், பாவம்? ரெண்டு வருஷமாக மழை இல்லை. கழுதை வண்டிக்காரன் சொல்வதுதான் தண்ணீருக்கு விலை.

மார்ச் மாதம் கம்பெனி குண்டைப் போட்டது. நைரோபிக்காரர்களுக்கு முழுச் சம்பளம். மற்ற ஊர்களில் செலவு கம்மியாம், மூன்றில் ஒரு பங்கு வெட்டு.

முசெம்பி திரையில் தெரிந்த மேலாளரம்மாவோடு மல்லுக்கு நின்றான். "வேலை ஒண்ணுதானே மேடம்? எங்க உக்காந்து செஞ்சா என்ன?"

"இப்ப எங்க இருக்கீங்க?"

"நைரோபியில" என்று வாய் முந்திக்கொண்டது.

உடனே நைரோபியில் இருந்த சித்தப்பா மகன் முலேயைப் பிடித்து, தன் பெயரில் ஓர் ஒற்றை அறையை வாடகைக்கு எழுதி, அந்தக் காகிதத்தை அனுப்பிவைத்தான். சம்பளம் தப்பியது. அப்போதுதான் அவன் புத்தி குறுக்கே போனது.

"தலையில கல்லைப் போட்டுட்டாங்க, முவிகலி அம்மா. கிட்டுயின்னா இவ்வளவுதானாம்" என்று மூன்றில் இரண்டு பங்கை நீட்டினான்.

கவாத்தா நோட்டுகளைப் பார்த்தாள். "நைரோபியில இருந்தா?"

"முழுசா கிடைக்கும். நமக்கு ஏது அந்தக் கொடுப்பினை?"

மீதிப் பங்கில் சனிக்கிழமை தோறும் நண்பர்களோடு ஆட்டுக்கறி சுட்டுத் தின்றான். வீட்டில் தண்ணீர்க் கேன் ஆறிலிருந்து நாலாயிற்று. மகள் முவிகலி அழுக்குச் சீருடையோடு பள்ளிக்கூடம் போனாள். அவள் முகத்தைப் பார்க்க அவனுக்கு வெட்கமாக இருந்தது. இருந்தும் உண்மையைச் சொல்ல நாக்கு எழவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் அவனுடைய பை நின்றது.

"யாரு ஊருக்கு?"

"நீங்கதாங்க. நைரோபிக்கு. முழுச் சம்பளம் வருமில்ல?"

"அங்க எங்க தங்கறது?"

"முலேய்கிட்ட பேசினேன். உங்க பேர்லயே ஒரு ரூம் இருக்காமே. ஜன்னல்தான் கிடையாதாம். ரெண்டு மாச வாடகையை யாரோ புண்ணியவான் முன்னாடியே கட்டிட்டாராம்."

முசெம்பி பையைப் பார்த்தான். போகமாட்டேன் என்றால் காரணம் சொல்லியாக வேண்டும்.

"பிள்ளையை விட்டுட்டு நான் எப்படி..."

"பிள்ளை குளிச்சு ஒம்பது நாளாச்சு" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. "மாசம் பொறந்ததும் முழுசா அனுப்பிடுங்க."

"சனிக்கிழமை சனிக்கிழமை வந்துட்டுப் போறேன்."

"பஸ்ஸுக்குக் கொட்டிக் கொடுக்கவா? கிறிஸ்மஸுக்கு வாங்க, போதும்."

அவன் பையைத் தூக்கினான். முவிகலி அம்மாவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அப்பா எங்கம்மா போறாரு?"

"எங்க இருக்கறதா கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தாரோ, அங்கதான்டி."