பல்புக்காரர் வீட்டு ஷெட்டுக் கதவு

சிங்காநல்லூரில் நாங்கள் குடியிருந்த தெருவின் பெண்கள் அத்தனை பேரும் சேர்ந்து ஒரே ஒருவரைத்தான் ஆம்பளை என்று ஒப்புக்கொண்டிருந்தார்கள். அந்த ஒருவர் நான் இல்லை. எங்கள் பக்கத்து வீட்டுப் பல்புக்காரர்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்த கதை. அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். ரேஷன் கார்டைத் தவிர வேறெங்கும் அது புழக்கத்தில் இல்லை. ஒரு மில்லில் எலெக்ட்ரிகல் சூப்பர்வைசர். வழுக்கை, தொந்தி, சட்டைப் பையில் எப்போதும் ஒரு டெஸ்டர். இந்த அழகரைப் பார்த்துத்தான் நான் வயிறு எரிந்தேன் என்று சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆனால் எரிந்தது உண்மை.

அவர் வீட்டை ஒட்டி ஒரு கார் ஷெட். உள்ளே ஒரு கிழட்டு அம்பாசிடர். நாலு பேர் தள்ளாமல் அது நகராது. திருட வருகிறவன் குடும்பத்தோடு வந்தால்தான் உண்டு. ஆனாலும் ஷெட்டுக் கதவு சாத்தியிருக்கிறதா என்ற கவலை அவரைப் பிடுங்கித் தின்றது. சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கும்போதே எழுந்து போய்ப் பார்ப்பார். வந்து உட்கார்ந்ததும், சரியாகப் பார்த்தோமா என்று மறுபடியும் போவார்.

ஒருநாள் லிமிட் சுவிட்ச் ஒன்றை வாங்கி வந்தார். மில் மெஷினில் மூடியைத் திறந்தால் ஓட்டத்தை நிறுத்துகிற, குமிழ் வைத்த சின்னப் பெட்டி அது. அதைக் கதவு நிலையில் பொருத்தினார். கதவைச் சாத்தினால் குமிழ் அமுங்கும். திறந்தால் குமிழ் வெளியே வரும், வீட்டு ஹாலில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு பல்பு எரியும். அவ்வளவுதான் சங்கதி. இதற்குப் போய் தெருவே அவர் ஹாலில் கூடி நின்றது. அவர் வெளியே கதவைத் திறந்து திறந்து மூட, பெண்கள் உள்ளே கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். போட்டது சாமி படத்துக்குத்தான் என்று நான் என்னைத் தேற்றிக்கொண்டேன்.

"ஏனுங்க, அந்தண்ணன் மூளையே மூளைங்க. உக்காந்த எடத்துலயே கதவு தெரியுது பாருங்க" என்றாள் என் மனைவி.

"எந்திரிச்சுப் போய்ப் பாத்தாலுந்தான் தெரியும்."

"ஆமா, நீங்க எந்திரிச்சுட்டாலும்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்ததுதான் எனக்குக் கோபம். எங்களுக்கும் ஒரு ஷெட் இருந்தது, ஸ்கூட்டர் நிறுத்த. நான் கதவைச் சாத்தாமல் விட்டுவிட்டுப் போய், ஒரு நாய் அதில் குட்டி போட்டு, குட்டிகள் கண் திறந்து, என் ஹெல்மெட்டைப் பங்கு பிரித்துத் தின்றிருந்தன.

பல்பு வந்தபிறகு அவர் கவலை தீர்ந்துவிடும் என்று நினைத்தோம். அது வளர்ந்தது. வெளியூர் போனால் பல்பு எரிகிறதா என்று எப்படித் தெரியும்? எங்கள் வீட்டில் போன் இருந்தது. அவிநாசியில் சொந்தக்காரர் கல்யாணம்; தாலி கட்டும் நேரத்தில் எல்லோரும் அட்சதை போட, இவர் எஸ்டிடி பூத்தில் நின்றுகொண்டு எங்களைக் கூப்பிட்டார்.

"அம்மணி, நம்மூட்டு சன்னல் வழியா எட்டிப் பாத்து, பல்பு எரியுதான்னு சித்தெ சொல்லு கண்ணு."

எனக்கு ஊற்றிக்கொண்டிருந்த காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு என் மனைவி ஓடினாள். கல்யாணமான நாளிலிருந்து எனக்காக அவள் ஓடி நான் பார்த்ததில்லை. திரும்பி வந்து, "எரியலீங்கண்ணா, நீங்க நிம்மதியா சாப்புடுங்க" என்றாள். என் காப்பி ஆறிப்போயிருந்தது.

கொஞ்ச நாளில் அடுத்த பேச்சை எடுத்தாள். "நம்ம ஷெட்டுக்கும் அண்ணன ஒரு பல்பு போடச் சொல்லலாமுங்க."

"அந்த மனுசன் இங்க வயர் இழுத்தா நான் ஊட்ட உட்டே போயிருவேன்."

"போறப்பக் கதவச் சாத்திட்டுப் போங்க."

அன்றிலிருந்து எனக்கு ஒரே ஒரு வேண்டுதல்தான். அந்த பல்பு ஒரே ஒரு தடவை பொய் சொல்ல வேண்டும். அதை என் மனைவி தன் கண்ணால் பார்க்க வேண்டும். பிரமோஷனுக்குக்கூட நான் கோனியம்மனிடம் இவ்வளவு உருகி நின்றதில்லை. போகும்போதும் வரும்போதும் அவர் ஷெட்டையும் சன்னலையும் மாறி மாறிப் பார்ப்பேன். பாழாய்ப்போன பல்பு அரிச்சந்திரனுக்கு அண்ணனாக இருந்தது.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குப் பல்புக்காரர் தெருவையே கூப்பிட்டிருந்தார். அவருடைய புதுச் சம்பந்தி பொள்ளாச்சியிலிருந்து வந்திருந்தார். கொப்பரை வியாபாரி, எதையும் தட்டிப் பார்த்துத்தான் நம்புவார். நம் ஊர் வழக்கம் தெரியுமே, ஆயுத பூஜையன்று வேலை செய்கிற எதற்கும் பொட்டு வைக்காமல் விடமாட்டோம். அம்பாசிடர் பம்பரில் வாழைக்கன்று கட்டி, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, கட்டிங் பிளேயர், டெஸ்டர், மிக்சி, இஸ்திரிப்பெட்டி என்று எல்லாவற்றுக்கும் பல்புக்காரர் சந்தனம் குங்குமம் வைத்தார். பூஜை முடிந்ததும் ஷெட்டைச் சாத்திவிட்டு, ஹாலில் பொரியும் சுண்டலும் கொடுத்தார்கள்.

"பல்பு அணைஞ்சிருக்குதுங்களா? அப்பக் கதவு சாத்தியிருக்குதுன்னு அருத்தம்" என்று சம்பந்திக்கு விளக்கினார்.

"ஓஹோ" என்றார் சம்பந்தி. அந்த ஓஹோவில் நம்பிக்கை இல்லை. எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது.

கை கழுவ வெளியே வந்தவன், அப்படியே ஷெட்டை எட்டிப் பார்த்தேன். கதவு ஆவென்று திறந்து கிடந்தது. உள்ளே தெருமாடு ஒன்று வாழைக்கன்றை நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது. ஓடிப்போய் சன்னல் வழியாகப் பார்த்தேன். பல்பு எரியவில்லை.

கோனியம்மா, கண் திறந்துவிட்டாயா என்று எனக்கு மேலெல்லாம் புல்லரித்தது. கதவு நிலைக்குப் போனால் காரணம் தெரிந்தது. மனுஷன் லிமிட் சுவிட்சையும் விடவில்லை. அதன் குமிழுக்கே சந்தனத்தை அப்பியிருந்தார். கதவைச் சாத்தியபோது உள்ளே போன குமிழ், சந்தனம் காய்ந்து, அங்கேயே ஒட்டிக்கொண்டுவிட்டது.

இனி நான் ஒரு குரல் கொடுத்தால் போதும். மொத்தத் தெருவும் உள்ளே இருக்கிறது. என் மனைவியும் இருக்கிறாள். வாயைத் திறந்தேன். அப்போது உள்ளேயிருந்து அவர் குரல் கேட்டது.

"சோத்துல கை வச்சா எந்திரிக்காம தின்னு முடிக்கிறனுங்க சம்பந்தி. இந்த பல்பு வந்ததுக்கப்பறந்தான்."

பாவி மனுஷன், அதை இன்னொரு விதமாகச் சொல்லியிருக்கக் கூடாதா? பெருமையாகச் சொல்லியிருந்தால் நான் கத்தியிருப்பேன். ஃபெயிலாகியே வந்த பிள்ளை ஒருவழியாகப் பாஸானதைச் சொல்வதுபோல், நிம்மதியாகச் சொன்னார்.

மாட்டை வெளியே தள்ளினேன். நகத்தால் சந்தனத்தைச் சுரண்டினேன். குமிழ் டக்கென்று வெளியே வந்தது. உள்ளே, "அட, எரியுதுங்க" என்று சம்பந்தி சொல்வது கேட்டது. பதறிப்போய்க் கதவை இழுத்துச் சாத்திவிட்டுக் குழாயடிக்கு ஓடினேன்.

எல்லோரும் வந்து பார்த்தபோது கதவு சாத்தியிருந்தது. நான் கை கழுவிக்கொண்டிருந்தேன்.

பல்புக்காரர் வீட்டம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "சாம்பிராணிப் பொகை போகட்டும்னு நாந்தானுங்க கதவத் தொறந்துபோட்டு வந்தேன். மறந்தே போச்சு. ஆரு சாத்துனாங்க?"

"ஆரு சாத்துனா என்ன? தொறந்தப்பவே எரிஞ்சிருக்கும், நாமதான் பொரியப் பாத்துட்டு இருந்தோம். சாத்துனதும் கண்ணு முன்னால அணைஞ்சுது பாருங்க" என்றார் பல்புக்காரர்.

சம்பந்தி கதவைத் தட்டிப் பார்த்தார். "நம்ம கொப்பரைக் குடோனுக்கும் ஒண்ணு போட்டுக் குடுத்துருங்க சம்பந்தி" என்றார். பொள்ளாச்சி வரைக்கும் பல்புக்காரர் புகழை நானே கொண்டுபோய் விட்டேன்.

யாரோ என்னைப் பார்த்து, "நீங்க இங்கதான இருந்தீங்க?" என்று கேட்டார்கள். என் மனைவி முந்திக்கொண்டாள். "அட, இவருங்களா? இவருக்கு எங்கூட்டுக் கதவையே சாத்தத் தெரியாதுங்க."

வீட்டுக்கு வரும் வழியில் அவளுக்கு அதே நினைப்பு. "அடுத்தவன் ஊட்டுக் கதவுதானேன்னு போகாம, சாத்திப்போட்டு, பேருகூடச் சொல்லாமப் போயிருக்காரு பாருங்க. அந்த மனுசனக் கட்டுனவ குடுத்து வச்சவ."

இத்தனை வருஷம் பல்புக்காரர் மேல் இருந்த பொறாமை அந்த நிமிஷம் அப்படியே இடம் மாறி, யாரோ ஒரு கதவு சாத்தினவன் மேல் போய் உட்கார்ந்தது. அவன் நான்தான் என்பதை நினைத்தபோது இன்னும் அதிகமாக எரிந்தது.

நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அதைச் சொன்னால் பல்பு பொய் சொன்ன கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அந்த மனுஷன் மறுபடியும் சோற்றைப் பிசைந்தபடியே எழுந்து போவார். சாப்பிடட்டும் என்று விட்டுவிட்டேன்.